மகள் கெமிஸ்ட்ரி கேட்கிறாள், மளிகைக்கடை அண்ணனுக்கு ஒரு பதில்

வணக்கம் அண்ணே. நடுவில் காலி அறைகள் உள்ள படிகங்களைச் செய்யும் கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும் என்கிற மகளோடு சனிக்கிழமை வந்துபோன பிறகு இரண்டு தடவை போன் செய்துவிட்டீர்கள். இரண்டு தடவையும் ஒரே கேள்வி: "ஓட்டை ஓட்டையாக இருக்கிற பொருளை எவன் வாங்குவான்? இதைப் படித்தால் சோறு கிடைக்குமா?" போனில் சொன்னால் பாதியில் கடைக்கு ஆள் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கடைச் சரக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். நூலில் கோத்த மாதிரி இருக்கும் பெரிய கல்கண்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சர்க்கரை மூலக்கூறுக்கு உள்ளேயும் அணுக்கள் சகப்பிணைப்பால், அதாவது எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பலமான பிடியால், இறுகிக் கிடக்கின்றன. ஆனால் ஒரு மூலக்கூறையும் பக்கத்து மூலக்கூறையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. அது லேசான பிடி. தண்ணீரில் போட்டால் விட்டுவிடும், பாகு ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். பாகு கருகிவிட்டால் மட்டும் திரும்ப வராது, ஏனென்றால் அங்கே உடைந்தது உள்ளே இருக்கும் பிணைப்பு. கணக்காகச் சொன்னால், இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை உடைக்க மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ண கெமிஸ்ட்ரியில் வைத்திருக்கும் அளவு) சுமார் 350 கிலோஜூல் வேண்டும். சாதாரண ஹைட்ரஜன் பிணைப்புக்கு 20 அளவில் போதும்.

மகள் கேட்பது இந்த லேசான பிடியை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் காலி அறைகள் உள்ள படிகத்தைக் கட்டும் வேலை. இதில் சிக்கல் என்னவென்றால், மூலக்கூறுகளுக்குக் காலி இடம் பிடிக்காது. மாட்டுத்தாவணி பஸ்ஸில் தீபாவளிக்கு முதல் நாள் ஏறுகிற கூட்டம் மாதிரி நெருக்கி அடைத்துக்கொள்ளத்தான் பார்க்கும். படிகம் வளரும்போது அறைக்குள் கரைப்பான், அதாவது கரைக்க ஊற்றிய திரவம், உட்கார்ந்திருக்கும், அதை வெளியேற்றினால் பல நேரம் கட்டடமே சரிந்துவிடும். சரியாமல் நிற்க, மூலக்கூறின் வடிவத்தையே கோணல்மாணலாக, நெருங்கி அடுக்க முடியாதபடி அமைக்கிறார்கள். 2012-ல் ஜெர்மனியில் மாஸ்டலர்ஸ் குழு அப்படிச் செய்த ஒரு படிகத்தில், ஒரு கிராமுக்குள் இருந்த மேற்பரப்பு சுமார் 2,800 சதுர மீட்டர். நம் கணக்கில் 69 சென்ட் நிலம், ஒரு சிட்டிகைக்குள்!

அந்த அறைகளில் வாயுவைப் பிடித்து வைக்கலாம், ஒன்றை விட்டு இன்னொன்றைத் தடுக்கலாம். கொரோனா நேரத்தில் வீடுகளில் ஓடிய ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஞாபகம் இருக்கிறதா? அதற்குள் நைட்ரஜனைப் பிடித்து நிறுத்தியது ஜியோலைட் என்ற நுண்துளைப் படிகம்தான். அது வேறு வகைப் பிணைப்பு, ஆனால் வேலை இதே வேலை. ஓட்டையை வாங்க ஆள் உண்டு அண்ணே.

2025 கெமிஸ்ட்ரி நோபல் பரிசு இந்த வகைப் படிகத்துக்குத்தான் என்று மகள் சொன்னதில் ஒரு திருத்தம். கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் அது கிடைத்தது உலோகத்தையும் கரிம மூலக்கூறுகளையும் இணைத்த சட்டகங்களுக்கு. பாப்பா கேட்கும் வகைக்கு அது பங்காளி, உடன்பிறப்பு இல்லை. இந்தப் பக்கம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயல். 2024-ல் லிவர்பூல், சவுத்தாம்ப்டன் ஆட்கள் உலோகமே இல்லாமல், உப்பில் இருப்பது மாதிரி எதிரெதிர் மின்னேற்றம் இழுத்துப் பிடிக்கும் பிணைப்பால் நுண்துளைப் படிகம் செய்து அயோடினைப் பிடித்துக் காட்டினார்கள். எந்த அமைப்பு நிற்கும் என்பதை முதலில் கம்ப்யூட்டரில் கணித்துவிட்டுத்தான் குடுவையைத் தொட்டார்கள். இதனால்தான் மகளிடம் கணக்கை விடாதே, பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொள் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை, முகத்தைப் பார்த்தேன்.

சரி, சோற்றுக் கணக்கு. என் கருத்து: கெமிஸ்ட்ரி படிக்கட்டும், ஆனால் இந்த ஒரு தலைப்புக்காகப் படிக்க வேண்டாம். பதினேழு வயதில் பிடித்த தலைப்பு இருபத்திமூன்றில் மாறிவிடும், அதோடு சேர்ந்து வரும் கைவேலை மாறாது. படிகம் வளர்க்கவும் எக்ஸ்ரே விளிம்பு விளைவுப் படம் (படிகத்தில் பட்டு எக்ஸ்ரே சிதறும் விதத்தின் படம்) எடுத்து அமைப்பைப் படிக்கவும் தெரிந்தவரை மருந்துக் கம்பெனிகள் தேடுகின்றன. 1998-ல் ரிடோனவிர் என்ற எய்ட்ஸ் மருந்தின் மூலக்கூறு, யாரும் எதிர்பார்க்காத வேறு படிக அடுக்கில் வந்து நின்றது. அது சரியாகக் கரையவில்லை, கேப்ஸ்யூலைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மூலக்கூறு அதேதான், லேசான பிடிகள்தான் இடம் மாறியிருந்தன. அதற்கப்புறம் படிக வடிவங்களைத் தேடிப் பார்ப்பதே தனி வேலையாகிவிட்டது. ஹைதராபாத், பெங்களூரில் அந்த வேலை இருக்கிறது. மதுரைக்குள்ளேயே வேண்டும் என்றால் மிகக் குறைவு, அதை மறைக்க மாட்டேன்.

பி.எஸ்சி., எம்.எஸ்சி., பி.எச்டி. என்று பத்து வருடம் போகும். எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால் தரக்கட்டுப்பாட்டு வேலை கிடைக்கும், ஆரம்பச் சம்பளம் உங்கள் கடைப் பையனுடையதைவிடப் பெரிதாக இருக்காது. நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் ஆராய்ச்சிக் காலத்தில் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. "கல்யாண வயசு தாண்டிடுமே" என்றார் அண்ணி. அது உங்கள் வீட்டுப் பேச்சு, நான் நுழையவில்லை. சம்பாதித்துக்கொண்டே படிக்கும் வருடங்கள் அவை என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

நேரடி வழி, ஐஸர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு எழுதி ஐந்து வருடப் படிப்பில் சேர்வது. கிடைக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. மதுரையிலேயே அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி., மூன்றாம் வருடம் எம்.எஸ்சி.க்கான ஜாம் நுழைவுத் தேர்வு, அங்கிருந்து ஐ.ஐ.டி. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஆய்வகத் தொட்டி ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். நான் படித்த இடத்தில் அது வருடம் முழுவதும் காய்ந்தே கிடந்தது. திரவம் அளக்கும் பிப்பெட் குழாயைப் பரீட்சைக்கு முந்தின வாரம்தான் கையில் கொடுத்தார்கள். லீவில் காரைக்குடி சிக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஒரு நடை கூட்டிப்போக முடிந்தால் நல்லது. ஆராய்ச்சி நிலையம் என்றால் என்ன என்று அவளும் பார்க்கட்டும், நீங்களும் பாருங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. கெட்டியான சர்க்கரைப் பாகில் ஒரு நூலைத் தொங்கவிட்டு, டம்ளரை ஆட்டாமல் இரண்டு வாரம் வைத்து, தினமும் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நடுவில் தொட்டுப் பார்க்காமல் இருக்கிறாளா, நோட்டு நிரம்புகிறதா என்று கவனியுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். டம்ளரைக் கடையில் மட்டும் வைக்காதீர்கள், எறும்பு விடாது.