கணக்கில் வராத ஆறாவது ஆள்

கேள்வி: அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் கதைகளில் துரத்தலும் இல்லை, துப்பாக்கிச் சண்டையும் இல்லை. கம்பளி பின்னிக்கொண்டிருக்கும் ஒரு மூதாட்டி துப்புத் துலக்குவதை இன்றும் விரும்பிப் படிக்கிறார்களே, ஏன்?
– வாசகி ஒருவர், காரைக்குடி

பதில்: 1927 டிசம்பரில் அவர் முதன்முதலாகத் தலைகாட்டிய ‘தி டியூஸ்டே நைட் கிளப்’ சிறுகதையிலேயே இதற்கு விடை இருக்கிறது. செயின்ட் மேரி மீட் கிராமத்தில் அவருடைய வீட்டில் கூடியிருப்பவர்கள், வாரம் ஒருவராக ஒரு மர்ம வழக்கைச் சொல்லி மற்றவர்கள் அதை விடுவிப்பது என்று பேசிக்கொள்கிறார்கள். ஓவியர் ஒருத்தி தலைகளை எண்ணிப் பார்த்து, ஐந்து பேர்தான் இருக்கிறோம் என்கிறாள். தன்னை விட்டுவிட்டாள் என்பதை மிஸ் மார்ப்பிள்தான் சிரித்த முகத்தோடு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சொந்த வீட்டிலேயே கணக்கில் வராத அந்த ஆறாவது ஆள், வக்கீலும் பாதிரியாரும் எழுத்தாளரும் திணறிய வழக்கைப் பின்னல் ஊசியைக் கீழே வைக்காமலே அவிழ்த்துவிடுகிறார்.

எப்படி என்கிறீர்களா? மை ஒற்றும் தாளில் ‘நூறுகளும் ஆயிரங்களும்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் பதிந்திருக்கின்றன. பணம்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இனிப்புப் பண்டத்தின் மேல் தூவும் வண்ணச் சர்க்கரை மணிகளுக்கும் அதுவே பெயர் என்பது, சமையலறையில் புழங்கிய அவருக்குத்தான் உறைக்கிறது. (முடிச்சைப் பாதி அவிழ்த்துவிட்டேன், பொறுத்தருள்க, கொலையாளியின் பெயரைச் சொல்லமாட்டேன்.) பட்டணத்துக் கொலையைக் கேட்டதும், எங்கள் ஊரில் முன்பு இன்னார் இப்படித்தான் செய்தார் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவருடைய முறை. மற்றவர்கள் ஊர்வம்பு என்று ஒதுக்குவது அவருக்குச் சாட்சியமாகிறது.

அவரைச் சாதுவான பாட்டி என்று எண்ணுவது பிழை. எவரிடமும் மோசமானதையே எதிர்பார்த்து, அது பெரும்பாலும் சரியாகவும் போய்விடும் குணத்தில் அவர் தன் பாட்டியைப் போன்றவர் என்று கிறிஸ்டியே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். மிஸ் மார்ப்பிள் வரும் 12 நாவல்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது, 1962இல் வந்த ‘தி மிரர் கிராக்ட் ஃப்ரம் சைட் டு சைட்’ நாவலில் முதுமை அவரை நெருக்கும் இடம். கண் மங்கிப் பின்னலில் கண்ணிகள் நழுவுகின்றன. துணைக்கு வைத்த பெண்மணியோ அவரைக் குழந்தையைப் போல நடத்துகிறார். அந்த அம்மாளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, ஊர் ஓரத்தில் முளைத்த புதுக் குடியிருப்பைப் பார்க்க நழுவிவிடுகிறார் மிஸ் மார்ப்பிள்!

கேள்வி: எந்த நாவலில் தொடங்கலாம்?
– அதே வாசகி

பதில்: ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்’, 1950. இன்ன வீட்டில் இத்தனை மணிக்குக் கொலை நடக்கும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து, வீட்டில் வெப்பமூட்டி ஓடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கங்களை மட்டும் அவசரமாகப் புரட்டிவிடாதீர்கள்.