போலீஸ் வேலைக்கு மட்டும் குண்டு

கேள்வி: 1932இல் ஜெனீவாவில் கூடிய ஆயுதக் குறைப்பு மாநாட்டில், குண்டுவீச்சு விமானங்களையே ஒழித்துவிடலாம் என்று பேச்சு நடந்ததாமே? ஹிட்லர் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் உலகம் தப்பித்திருக்கும் அல்லவா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பேச்சு நடந்தது உண்மைதான். பழி முழுவதையும் ஹிட்லர் தலையில் கட்டுவதுதான் இடிக்கிறது. அந்த ஆள் மீது எதைப் போட்டாலும் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சந்தடியில் மற்றவர்கள் நழுவிவிடுகிறார்கள்.

தேதிகளைப் பாருங்கள். மாநாடு தொடங்கியது 1932 பிப்ரவரி 2. ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி இறுதியில். ஜெர்மனி வெளிநடப்புச் செய்தது அந்த அக்டோபர் 14. ஹிட்லர் வருவதற்கு முன் ஏறக்குறைய ஒரு வருஷம் கையில் இருந்ததே, அதில் என்ன நடந்தது?

ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. பெரிய குண்டுவீச்சு விமானங்களை, ஐ.நா. சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்திடம் ஒப்படைக்கலாம் என்றது பிரான்ஸ். குண்டுவீச்சு விமானமே வேண்டாம் என்று ஜூனில் திட்டம் கொடுத்தார் அமெரிக்க அதிபர் ஹூவர். பயணிகள் விமானத்தில் குண்டை ஏற்றினால் என்ன செய்வது என்ற கேள்வியும் வந்தது. அது வீண் பயம் இல்லை. ஜெர்மனிக்கு விமானப் படையே கூடாது என்று 1919இல் வெர்சாய் ஒப்பந்தம் தடை போட்டிருந்தது. அவர்களோ ரோன் மலைச் சரிவுகளில் எஞ்சின் இல்லாத கிளைடரில் பறந்து பழகினார்கள். 1926இல் லுஃப்ட் ஹன்ஸா என்ற பயணிகள் விமான நிறுவனம் தொடங்கினார்கள். ரஷ்யாவின் லிபெட்ஸ்க் நகரில் 1925 முதல் ரகசியமாகப் போர் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 1935இல் எங்களுக்கு விமானப் படை இருக்கிறது என்று அறிவித்தபோது விமானிகளுக்குப் பஞ்சம் இல்லை.

சரி, பிரிட்டனுக்கு வருவோம். 1933 மார்ச்சில் பிரதமர் மெக்டொனால்ட் ஓர் ஒப்பந்த வரைவைக் கொண்டுவந்தார். வானிலிருந்து குண்டு வீசுவதை முற்றிலும் ஒழிப்போம் என்றது அதன் ஒரு விதி. அப்புறம் ஓர் அடைப்புக்குறி: தொலைவில் உள்ள சில பகுதிகளில் போலீஸ் காரியங்களுக்காக வீசுவது தவிர!

யாருடைய பகுதிகள்? 1920இல் ஆப்பிரிக்காவில் பிரிட்டன் வசம் இருந்த சோமாலிலாந்தில் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். 1922 முதல் ஈராக்கைக் கட்டி மேய்க்கும் பொறுப்பே விமானப் படையிடம் போனது. காலாட்படையை அனுப்பிச் சோறு போடுவதைவிட அது மலிவு. வரி கட்டாத கிராமம், அடங்காத பழங்குடி என்றால் விமானம் போகும். அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்திலும் இதே கதை. எல்லைப்புறம் மட்டுமா? ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு மறுநாள், 1919 ஏப்ரல் 14 அன்று, பஞ்சாபின் குஜ்ரன்வாலாவில் கலவரத்தை அடக்க விமானத்திலிருந்து குண்டு வீசினார்கள். இயந்திரத் துப்பாக்கியாலும் சுட்டார்கள். அதற்கும் போலீஸ் காரியம் என்றுதான் பெயர் சொல்வார்கள் போலிருக்கிறது.

லண்டன் மேல் குண்டு விழக்கூடாது, அந்த வடமேற்கு எல்லைப்புறத்து வசீரிஸ்தான் மேல் விழலாம். இதைச் சட்டமாக்க மற்ற நாடுகள் கையெழுத்துப் போட வேண்டுமாம். பல நாடுகள் ஆட்சேபித்தன. விட்டுக்கொடுத்திருந்தால் பேச்சு ஒருவேளை நகர்ந்திருக்கும். பிரிட்டன் விடவில்லை.

அந்தத் தடை வந்திருந்தால் உலகம் தப்பித்திருக்குமா என்று கேட்கிறீர்கள். அது ஜோசியம். ஆனால் முன்கதை ஒன்று உண்டு. ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு முன்பே, 1899இல், பலூனிலிருந்தும் அதைப் போன்ற புது வழிகளிலும் குண்டு போடக் கூடாது என்று ஹேக் மாநாடு ஐந்து வருஷத் தடை விதித்தது. அப்போது போடுவதற்கு உருப்படியான விமானம் யாரிடமும் இல்லை; பெரும்பாலான நாடுகள் தாராளமாகச் சம்மதித்தன. 1907இல் தடையைப் புதுப்பிக்கக் கேட்டபோது ஜெர்மனியும் பிரான்சும் ஒதுங்கிக்கொண்டன. 1911 நவம்பர் 1 அன்று இத்தாலிய விமானி கவோட்டி, லிபியாவில் துருக்கியர் பக்கம் கையால் குண்டுகளைத் தூக்கிப் போட்டார். போரில் விமானத்திலிருந்து விழுந்த முதல் குண்டுகள் அவைதான்.

ஜெனீவாவில் நடந்ததற்குச் சாட்சி வேண்டுமா? பிரிட்டனின் அன்றைய விமானத் துறை அமைச்சர் லண்டண்டெரி பிரபுவே இருக்கிறார். 1932இல் மக்கள் கூச்சலுக்கு நடுவே, மத்தியக் கிழக்கு, இந்திய எல்லைகளிலாவது குண்டுவீச்சு விமானத்தைக் காப்பாற்றிவைக்கப் பெரும்பாடு பட்டேன் என்று 1935 மே மாதம் பிரபுக்கள் சபையில் பேசினார். எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன. அடுத்த மாதமே அவரிடமிருந்து அந்தத் துறை போய்விட்டது.