வெஜிடபிள் ரைஸுக்குள்ள முட்டை! சைனீஸ் பார்சல் பற்றி வாசகர் கேள்வி பதில்

சைனீஸ் கடைல பார்சல் எடுத்த அனுபவங்களை எழுதி அனுப்புங்க என்டு போன இதழ்ல கேட்டிருந்தம். கடிதம், வட்ஸ்அப், வொய்ஸ் மெசேஜ் என்டு வந்து குவிஞ்சிட்டுது. வெள்ளவத்தைல இருந்துதான் கூட, அதுக்குப் பிறகு கொட்டாஞ்சேனை, தெஹிவளை. கடைப் பெயர்களை எல்லாம் எடுத்துப்போட்டுத்தான் கேள்விகளைப் போட்டிருக்கம், கோவிக்காதீங்க.

கேள்வி: அக்கா, எங்கட வீட்டில வெள்ளிக்கிழமை எல்லாரும் மரக்கறிதான். வேலை முடிஞ்சு வர லேட்டாகினதால காலி வீதில இருக்கிற ஒரு சைனீஸ் கடைல வெஜிடபிள் ஃப்ரைட் ரைஸ் எடுத்துக்கொண்டு போனன், மாமி முதல் வாய் வைக்கவே முட்டை. திரும்பிப் போய்க் கேட்டா "மரக்கறி ரைஸ்தானே மிஸ், முட்டை மட்டும்தான் போட்டிருக்கு" என்டு சொல்றாங்க. இது என்ன நியாயம்? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தங்கச்சி, உங்கட கோபம் சரியான கோபம். ஆனா அந்தக் கடைப் பொடியன் உங்களை ஏமாத்த நினைச்சிருக்க மாட்டான், ஏனென்டா கொழும்பில கன சைனீஸ் கடைல வெஜிடபிள் என்டா "இறைச்சி, மீன் இல்ல" என்டுதான் கணக்கு, முட்டையை அவங்க அசைவமா எண்ணுறதே இல்ல. வொக் சூடானவுடன எண்ணெய், அடுத்த செக்கன் முட்டை, அதுக்கு மேல சோறு, இப்பிடியே நாள் முழுக்க கை பழகின குக்குக்கு நீங்க தனியாச் சொன்னாத்தான் முட்டையை விட ஞாபகம் வரும்.

முட்டையாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாததுதான் எனக்குப் பெரிய கவலை. வெஜிடபிள் சொப்சில அந்த மினுமினுப்பான கிரேவி இருக்கே, அதுக்கு ஒய்ஸ்டர் சோஸ் ஊத்துற கடைகள் இருக்கு, அது சிப்பில இருந்து எடுக்கிற சோஸ். ருசிக்கு சிக்கன் பவுடர் தூவுறதும் வழமை. சூப் என்டா கோழி எலும்பு அவிச்ச தண்ணியா இருக்கலாம். மேசைல வைக்கிற சில்லி பேஸ்ட்லயும் சில கடைல காஞ்ச இறால் இருக்கும். ஹொட் பட்டர் மஷ்ரூம் மரக்கறிதானே என்டு நினைச்சு எடுக்கிறவங்களுக்கும் சொல்றன், அந்த மாவுக் கரைசல்ல முட்டை இருக்கலாம், பொரிக்கிறதும் பெரும்பாலும் கணவாய் பொரிச்ச அதே எண்ணெய்லதான்.

அதனால "வெஜிடபிள்" என்ட ஒரு சொல்லை மட்டும் நம்பாதீங்க. காசு குடுக்க முதல் ஒவ்வொண்டா சொல்லுங்க: முட்டை வேணாம், ஒய்ஸ்டர் சோஸ் வேணாம், சிக்கன் பவுடர் வேணாம், வொக்கைக் கழுவிப்போட்டுச் செய்யுங்க. கவுண்டர்ல இருக்கிறவருக்குத் தமிழ் விளங்காட்டி சிங்களத்தில "பித்தர எப்பா, ஒய்ஸ்டர் சோஸ் எப்பா" என்டா போதும். பில்லுலயும் "நோ எக்" என்டு எழுதச் சொல்லுங்க, உள்ள நிக்கிற குக் உங்கட முகத்தைப் பாக்கிறதில்ல, அந்தத் துண்டைத்தான் பாக்கிறார். பார்சலை அங்கேயே திறந்து ஒரு கரண்டி கிளறிப் பாருங்க, அதுக்கு வெக்கப்பட ஒண்டுமில்ல. இவ்வளவு தெளிவாச் சொல்லியும் முட்டை வந்திருந்தா அது முழுக்கக் கடைட பிழை, வேற செய்து தாங்க இல்லாட்டி காசைத் தாங்க என்டு உரிமையாக் கேளுங்க.

கந்தசஷ்டி மாதிரி விரத நாளா இருந்தா என்ட அபிப்பிராயம் வேற. அதே வொக், அதே கரண்டி, அதே எண்ணெய் என்டு மனசில ஒரு உறுத்தல் இருக்குமென்டா சைவக் கடைக்கே போயிடுங்க, வெள்ளவத்தைல அதுக்கா பஞ்சம்?

கேள்வி: இரவு எட்டு மணிக்கு எடுத்த சிக்கன் ரைஸ்ல பாதி மிஞ்சிட்டுது. மேசைல மூடி வச்சுப்போட்டு காலைல நல்லா சூடாக்கித்தான் சாப்பிட்டம், பத்து மணிக்குள்ள எனக்கும் தங்கச்சிக்கும் வாந்தி. கடைக்கு எதிரா எங்க முறைப்பாடு செய்யலாம்? (வாசகர், தெஹிவளை)

பதில்: தம்பி, முறைப்பாடு செய்ற இடத்தைக் கட்டாயம் சொல்றன், ஆனா அதுக்கு முதல் அந்த மேசையைப் பற்றிக் கதைக்க வேணும். சோத்தில பசிலஸ் சீரியஸ் என்டு ஒரு பக்டீரியா வரும். அதிண்ட வித்து அரிசிலயே இருக்கும், சோறு அவிக்கிற சூட்டிலயும் சாகாது. அவிச்ச சோறு மெல்ல மெல்ல ஆறிக்கொண்டு வெளில கிடக்கேக்க அது முளைச்சுப் பெருகி ஒரு நஞ்சை விடும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அதனாலதான் நீங்க நல்லா சூடாக்கியும் வாந்தி வந்திருக்கலாம். சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில இருந்து ஆறு மணித்தியாலத்துக்குள்ள வாந்தி வாறதுதான் இதிண்ட வழமை, நீங்க சொல்ற நேரமும் அதோட பொருந்துது. மணத்தை வச்சும் கண்டுபிடிக்க ஏலாது, சோறு நல்ல சோறு மாதிரியேதான் இருக்கும்.

இரவு முழுக்கக் கொழும்புச் சூட்டில வெளில இருந்த சோறு என்டபடியா கடைதான் காரணம் என்டு என்னால அடிச்சுச் சொல்ல ஏலாது. வாங்கின உடன சாப்பிட்டுப்போட்டு அதே இரவு உங்களுக்கு வந்திருந்தா நான் கடையைத்தான் முதல் சந்தேகப்பட்டிருப்பன், ஏனென்டா ஃப்ரைட் ரைஸுக்கு முதலே அவிச்சு ஆறவச்ச சோறுதான் வேணும், அதைக் குளிரூட்டில வைக்காம பெரிய சட்டில குவிச்சு மத்தியானத்தில இருந்து இரவு வரைக்கும் அடுப்புக்குப் பக்கத்தில வச்சிருக்கிற கடைகளும் இருக்கு.

மிஞ்சினா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள, தட்டையான பாத்திரத்தில பரப்பி, ஃப்ரிட்ஜ்ல 5 பாகைக்குக் கீழ வைங்க. அடுத்த நாள் ஒரு தரம் மட்டும் ஆவி பறக்கச் சூடாக்கி முடிச்சிடுங்க. வாந்தி வந்தா ஜீவனி கரைச்சுக் குடிங்க, சின்னப் பிள்ளையோ வயசானவங்களோ என்டா காத்திருக்காம டொக்டர்ட்ட போங்க. கடைல சந்தேகமென்டா பில்லையும் மிஞ்சின சாப்பாட்டையும் எறியாம வச்சுக்கொண்டு உங்கட ஏரியா பி.எச்.ஐட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லுங்க, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில விசாரிச்சா அவரை எங்க பிடிக்கலாம் என்டு சொல்லுவாங்க. கொழும்பு மாநகர சபை எல்லைக்குள்ள என்டா மாநகர சபைட பொதுச் சுகாதாரப் பிரிவு.

கேள்வி: அஜினமோட்டோ போடுற கடைச் சாப்பாடு விஷம் என்டு எங்கட அத்தான் பிள்ளைகளை ஒரு சைனீஸ் கடைக்கும் விடுறார் இல்ல. உண்மையா? (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: விஷம் இல்ல அம்மா. 1908இல ஜப்பான்ல கிகுனே இகேடா என்ட விஞ்ஞானி கொம்பு என்ட கடல் பாசில இருந்து குளுட்டமேட்டைப் பிரிச்செடுத்தார், அதை உப்பு மாதிரி தூளாக்கினதுதான் அஜினமோட்டோ. தக்காளிலயும் சீஸ்லயும் அந்தக் குளுட்டமேட் இயற்கையாவே இருக்கு. 1968இல அமெரிக்கால ஒரு டொக்டர், சைனீஸ் கடைல சாப்பிட்டா பிடரி மரக்குது, நெஞ்சு படபடக்குது என்டு ஒரு மருத்துவ சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினார், அதில இருந்துதான் இந்தப் பயம் உலகம் முழுக்கப் பரவிச்சு. பிறகு ஆக்களுக்கே தெரியாம குடுத்துச் செய்த சோதனைகள்ல, சாதாரணமாச் சாப்பிடுற அளவில அப்பிடி ஒரு வருத்தம் உறுதியாத் தெரியேல்ல.

அத்தான் கவனிக்க வேண்டியது சோயா சோஸ், உப்பு, எண்ணெய் மூண்டையும். அஜினமோட்டோல இருக்கிற சோடியம் கறி உப்பில இருக்கிறதில மூண்டில ஒரு பங்குதான், ஆனா அதோட உப்பு, சோயா சோஸ் எல்லாம் சேத்துப் போட்டா பிரஷர் உள்ளவங்களுக்குக் கூடாது. சோயா சோஸைக் குறைச்சுப் போடுங்க என்டு கேளுங்க, தருவாங்க.

கேள்வி: பார்சல்தான் எடுத்தன், பில்லுல 10 வீதம் சேர்விஸ் சார்ஜ். ஒரு கிளாஸ் தண்ணி கூட அங்க குடிக்கேல்லயே? (வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: சேர்விஸ் சார்ஜ் அரசாங்க வரி இல்ல, கடை தானா வைக்கிறது. மேசைல இருந்து சாப்பிடுறவங்களுக்கு எடுக்கிறதுதான் வழமை, பார்சலுக்கு எடுக்கிறது எனக்குச் சரியாப் படேல்ல. ஓடர் குடுக்க முதல் "பார்சலுக்கு சேர்விஸ் சார்ஜ் இருக்கா" என்டு கேளுங்க, ஓம் என்டா வேணுமா வேணாமா என்டு நீங்களே முடிவெடுக்கலாம். வற் வரி வேற விஷயம், அது 2024 ஜனவரில இருந்து 18 வீதம், வற்றுக்குப் பதிஞ்ச கடை மட்டும்தான் எடுக்கலாம், பில்லுல பதிவு நம்பர் இருக்கா பாருங்க. போட்டிருக்கிற விலைக்கு மேல எடுத்தா பாவனையாளர் அதிகார சபைக்கு 1977க்கு அடியுங்க.

கேள்வி: பீஜிங்ல படிச்சுப்போட்டு வந்த மச்சான், நாங்க இங்க சாப்பிடுறது சைனீஸே இல்ல என்டு எங்களைப் பாத்துச் சிரிக்கிறான். ஹொட் பட்டர் கணவாயை அங்க ஒருத்தருக்கும் தெரியாதாம். (வாசகர், மட்டக்குளி)

பதில்: மச்சான் சொல்றது பாதி சரி. ஹொட் பட்டர் கணவாய் இலங்கைல, சைனீஸ் கடைக் குசினில உருவான சாப்பாடு. கணவாயைக் கீறி வெட்டி, மாவில தோச்சு மொறுமொறுப்பாப் பொரிச்சு, பட்டர்ல இடிச்ச செத்தல் மிளகாயும் வெங்காயத்தாளும் போட்டு ஒரே பிரட்டு. அந்தக் காரம் எங்கட நாக்குக்காக வந்தது. டெவில் சிக்கனும் அப்பிடித்தான்.

ஆனா சிரிக்கிறதுக்கு அதில என்ன இருக்கு? போன நூற்றாண்டிண்ட முதல் பாதில சீனால ஹூபேய், ஷான்டொங் பக்கத்தில இருந்து வந்த குடும்பங்கள் இங்க இருந்திச்சு. சைக்கிள்ல துணி மூட்டை கட்டிக்கொண்டு வீடு வீடா வித்தவங்க, பல் கட்டுறவங்க, அதே ஆக்கள்ல சிலர் சாப்பாட்டுக் கடையும் போட்டாங்க. எங்கட தாத்தா பாட்டி காலத்து ஆக்களுக்கு சீனாக்காரத் துணி வியாபாரியை இன்னும் ஞாபகம் இருக்கும், கேட்டுப் பாருங்க. 1952இல ரப்பர் குடுத்து அரிசி எடுக்கிற ஒப்பந்தம் சீனாவோட செய்த நாடு இது. அதையும் விடுங்க, கொழும்பு தேசிய நூதனசாலைல ஒரு கல்வெட்டு இருக்கு, 1409ஆம் ஆண்டுத் திகதி போட்டது, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ காலத்தில கொண்டு வந்தது, 1911இல காலி நகரத்தில கண்டெடுத்தது. அதில சீனம், பாரசீகத்தோட தமிழும் வெட்டியிருக்கு! மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்க. சீனால சாப்பிடுற மாதிரியே வேணுமென்டா இப்ப கொழும்பிலயே சீன ஆக்கள் தங்களுக்கென்டு நடத்துற கடைகள் இருக்கு, மாப்போ டோஃபு அங்க கிடைக்கும். ரெண்டும் சாப்பிடுங்க, எனக்கு ரெண்டும் விருப்பம்.

கேள்வி: ஹொட் பட்டர் கணவாய் வீட்டுக்கு வரேக்க நமுத்துப் போகுது, என்ன செய்யலாம்? (வாசகி, கிருலப்பனை)

பதில்: பெட்டிக்குள்ள அடைபட்ட ஆவிதான் காரணம். மூடியை ஒரு பக்கம் திறந்து விடச் சொல்லுங்க, ரைஸுக்கு மேல அடுக்க வேணாம் என்டும் சொல்லுங்க. அரை மணித்தியாலத்துக்கு மேல எடுக்கிற தூரமென்டா ஆப்ல கணவாயை ஓடர் பண்ணாதீங்க, சொப்சி, டெவில் மாதிரி கிரேவி உள்ளதை எடுங்க.

கேள்வி: யாழ்ப்பாணத்தில இருந்து வந்திருக்கிற அம்மா, நான் வேலைக்குப் போன நேரம் பேரப்பிள்ளைக்கு ரைஸ் வாங்கப் போயிருக்கிறா. மெனு இங்கிலிஷும் சிங்களமும், கவுண்டர்ல நிண்டவர் அம்மா சொன்னதைக் கேக்காம பின்னால வந்தவங்கட ஓடரை எடுத்திருக்கிறார், அம்மா ஒண்டும் வாங்காம வந்துட்டா. எனக்கு அழுகை வந்துட்டுது அக்கா. (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: எனக்கும் வாசிக்கேக்க மனசு சரியில்லாமப் போச்சு. 1987இல 13ஆவது திருத்தத்தோட தமிழும் இந்த நாட்டிண்ட அரச கரும மொழி ஆகிட்டுது, ஆனா அது அரசாங்க அலுவலகத்துக்கு, தனியார் கடை மெனுவுக்கு இல்ல. அதால சட்டத்தைக் காட்டிக் கேக்க ஏலாது, வாடிக்கையாளரா நிண்டு கேக்கலாம். கூட்டம் இல்லாத பின்னேரம் நாலு மணி போல போய் முதலாளி இல்லாட்டி மனேஜரைக் கண்டு நடந்ததைச் சொல்லுங்க, அந்தப் பொடியனுக்கு ஏசுறதுக்காக இல்ல, வரிசைல நிண்ட வயசானவவை விட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போனது பிழை என்டு அவருக்குத் தெரியத்தானே வேணும். தமிழ் மெனுவும் கேளுங்க, வெள்ளவத்தைல கடை வச்சிருக்கிறவருக்கு யார் தன்ட வாடிக்கையாளர் என்டு நல்லாத் தெரியும், நீங்களே எழுதிக் குடுக்கிறன் என்டு சொன்னா வேணாம் என்பாரா? இது வாசிக்கிற மற்ற வெள்ளவத்தை ஆக்களும் உங்கட பக்கத்துக் கடைல கேளுங்க.

அது வரைக்கும் அம்மாவுக்கு மெனுவை ஃபோன்ல படம் எடுத்து, பேரப்பிள்ளை சாப்பிடுற ரெண்டு மூண்டு ஐட்டத்தையும் வட்டம் போட்டு, பக்கத்தில தமிழ்ல பெயரும் விலையும் எழுதி பிரின்ட் எடுத்துக் குடுங்க. "காரம் வேணாம், மீடியம் ஒண்டு, பார்சல்" என்டதை சிங்களத்திலயும் அடில எழுதி விடுங்க. முதல் தரம் நீங்களும் கூடப் போங்க, ஓடரை அம்மாவே குடுக்கட்டும்.