குர்குமின்: எம்டிடி சோதனையில் எண்கள் மாறுவது ஏன்?

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினைச் சோதிக்கும்போது, உயிருள்ள செல்கள் மட்டுமே ஊதாவாக்க வேண்டிய எம்டிடி என்ற சாயம் செல்லே இல்லாத குழியிலும் ஊதாவாகிறது, முறைக்கு முறை எண் மாறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கைத்திறனில் குறையில்லை என்றே நினைக்கிறேன். செல்லின் துணையின்றி எம்டிடியை ஒடுக்கும் (எலக்ட்ரான் கொடுத்து ஊதாவாக்கும்) பாலிஃபீனால்கள் என்ற தாவர வேதிப்பொருள்கள் பல உண்டு; குர்குமினும் ஒரு பாலிஃபீனால்தான். இப்படி வரும் ஊதா நிறம் செத்த செல்லையும் உயிருள்ளதாகக் காட்டிவிடும். அப்புறம், சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) இல்லாத செல் வளர்ப்பு ஊடகத்தில் 37 டிகிரியில் அரை மணிக்குள் குர்குமின் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும். 24 மணி நேரம் கழித்து நீங்கள் அளப்பது பெரும்பாலும் சிதைவுப் பொருள்களின் விளைவைத்தான்!

ஒவ்வொரு முறையும் குர்குமினைப் புதிதாகக் கரையுங்கள், 10 சதவீத சீரம் சேருங்கள். எம்டிடிக்கு முன் ஊடகத்தை நீக்கிக் கழுவுங்கள். ஒப்பீட்டுக்கு, கரைப்பானான டிஎம்எஸ்ஓ மட்டும் இட்ட குழியும் கட்டாயம் வேண்டும். செல் இறப்பை, இறக்கும் செல்லின் மேற்பரப்பில் ஒட்டும் புரதமான அனெக்சின் வி கொண்டு உறுதிசெய்யுங்கள். ஆனால் குர்குமினே பச்சையாக ஒளிரும், ஆகவே அடர்சிவப்பில் ஒளிரும் சாயம் இணைத்த அனெக்சினை எடுங்கள்.