ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு வாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள பழைமையான கல்லூரி ஒன்றில் இரண்டு வாரம் தங்கிப் படிக்கும் கோடை வகுப்புக்கு அவள் 'தேர்வு செய்யப்பட்டிருப்பதாக' ஒரு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. விமானக் கட்டணத்தையும் சேர்த்து 7 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்கிறார்கள். பின்னாளில் அங்கேயே பட்டப்படிப்புக்கு இடம் கிடைக்க இது உதவும், நகையை அடகு வைத்தாவது அனுப்பிவிடலாம் என்கிறார் என் கணவர். அனுப்பலாமா?
— ஒரு தாய், கரூர்

பதில்: அம்மா, நகையை அடகு வைக்க வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியைக் கேட்டு இந்த ஆண்டு பல கடிதங்கள் வந்துள்ளன.

ஆக்ஸ்ஃபோர்டு ஒரே வளாகத்துக்குள் அடங்கிய பல்கலைக்கழகம் அன்று. சொந்த நிலமும் கட்டடங்களும் நிதியும் ஆசிரியர்களும் கொண்ட முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. மெர்ட்டன் கல்லூரி 1264-இல் நிறுவப்பட்டது. பேலியல் கல்லூரியும் யூனிவர்சிட்டி கல்லூரியும் அதே நூற்றாண்டைச் சேர்ந்தவை. அங்கே பாடம் நடப்பது எட்டெட்டு வாரம் கொண்ட மூன்று பருவங்களில்தான். அக்டோபரில் தொடங்கும் கல்வியாண்டு ஜூன் மாதத்தோடு முடிந்து மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதன்பின் செப்டம்பர் வரை பெரும்பாலான அறைகள் காலியாகவே கிடக்கும். பல நூற்றாண்டுக் கட்டடங்களைப் பராமரிக்கப் பணம் வேண்டுமல்லவா? அதனால் அந்த மாதங்களில் தம் அறைகளையும் உணவுக்கூடத்தையும் மாநாடுகளுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் கல்லூரிகள் வாடகைக்கு விடுகின்றன. பதின்ம வயதினருக்கென்று விளம்பரம் செய்யப்படும் கோடை வகுப்புகளில் மிகப் பல இப்படி வாடகைக்கு எடுத்த இடத்தில் தனியார் நடத்துபவையே. கல்லூரிகளில் சில தாமே நேரடியாக நடத்தும் வகுப்புகளும் உண்டு. அவற்றின் விவரம் அந்தந்தக் கல்லூரியின் சொந்த இணையதளத்தில் இருக்கும்.

தனியார் நடத்துவதில் தவறு எதுவும் இல்லை. நல்ல ஆசிரியர்களை அழைத்து வந்து அக்கறையோடு நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கல்யாண மண்டபத்தை ஒரு நாளைக்கு எடுத்தவர் மண்டபத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் அல்லவா, அதுபோலத்தான் இதுவும். உங்களுக்கு வந்த மின்னஞ்சலையும் அந்த நிறுவனத்தின் இணையதளத்தையும் கடைசி வரி வரை படித்துப் பாருங்கள். பல்கலைக்கழகத்தோடு தமக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று பொடி எழுத்தில் அவர்களே எழுதியிருக்கக்கூடும். வகுப்பு முடிந்ததும் தரப்படும் சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும் என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதைக் கேட்காமலே பணம் கட்டிவிட்டது. மகன் கொண்டுவந்த சான்றிதழில் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்ததைக் கண்டு அந்தத் தகப்பனார் அடைந்த வேதனையை நான் நேரில் பார்த்தேன். 'தேர்வு' என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பள்ளியிலிருந்து ஒரு கடிதமும் மாணவி எழுதிய சில வரிகளும் இருந்தால், கட்டணம் செலுத்துகிற யாவரையும் சேர்த்துக்கொள்ளும் வகுப்புகள் உள்ளன.

இனி உங்கள் கணவரின் எதிர்பார்ப்புக்கு வருகிறேன். ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ பட்டப்படிப்பில் சேர விரும்புபவர் யூகாஸ் என்ற பொது அமைப்பின் வழியாக, சேரும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் அக்டோபர் 15-ஆம் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பல பாடங்களுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அதன் பிறகு நேர்காணல். ஆக்ஸ்ஃபோர்டில் அது டிசம்பரில் நடக்கும். அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களே நேர்காணல் செய்து முடிவெடுக்கிறார்கள். கட்டணக் கோடை வகுப்புக்குச் சென்றவர் என்பதற்காக எந்தக் கட்டத்திலும் தனிச் சலுகை இல்லை. விண்ணப்பதாரர் தாமாகத் தேடிப் படித்தது என்ன, அதைப் பற்றி எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். உங்கள் ஊர் நூலகத்தில் இருந்தபடியே உங்கள் மகள் அதற்குத் தயாராகலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். அங்கே இந்த வகுப்புகள் நடப்பது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். பிளஸ் டூ தொடங்கிய சூட்டோடு பயண நாளையும் சேர்த்து மூன்று வாரப் பாடத்தை விட்டுப்போக வேண்டியிருக்கும். கையில் உபரியாகப் பணம் இருந்து, மகளும் ஆசைப்பட்டு, பள்ளியும் அனுமதித்தால் அனுப்புங்கள். நல்ல அனுபவமாக இருக்கும். கடன் வாங்கி அனுப்பினால் அந்தக் கடனின் பாரம் அவள் மனத்திலும் ஏறிக்கொள்ளும். பதினாறு வயதில் அதைச் சுமந்துகொண்டு ஒரு பிள்ளை எதையும் ரசித்துக் கற்க முடியாது.

கேள்வி: ஒரு அறக்கட்டளையின் உதவியால் இந்த ஜூலையில் கேம்பிரிட்ஜில் வரலாறு படிக்கப் போகிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். ஆசிரியர் முன்னால் இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து விவாதிக்க வேண்டும் என்கிறார்கள். ஆங்கிலத்தில் பேச வராதோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு மாணவன், தென்காசி

பதில்: தம்பி, முதலில் என் வாழ்த்துகள். நீங்கள் பயப்படும் அந்த வகுப்புதான் இந்தப் பயணத்திலேயே மிக அருமையான பகுதி. ஆக்ஸ்ஃபோர்டில் அதை டியூட்டோரியல் என்பார்கள், கேம்பிரிட்ஜில் சூப்பர்விஷன். அந்தப் பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் வாரந்தோறும் கட்டுரை எழுதிக் கொண்டுபோய், ஒரு மணி நேரம் ஆசிரியரோடு அமர்ந்து அதைப் பற்றிப் பேசுவார்கள். நல்ல கோடை வகுப்புகள் அந்த முறையைச் சிறிய அளவில் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுகின்றன.

என் அக்கா மகள் சில ஆண்டுகளுக்கு முன் இப்படிப் போய்வந்து, முதல் நாள் வகுப்பை எனக்கு வரிக்கு வரி சொன்னாள். கால்பட்டுக் கால்பட்டு நடுவில் குழிந்துபோன கற்படிகளில் ஏறி இரண்டாம் மாடிக்குப் போயிருக்கிறார்கள். சிறிய அறை, பழைய சோபா, மூன்று மாணவர்கள், ஓர் ஆசிரியை. இவள் தன் கட்டுரையை எடுத்து, 'எல்லோரும் அறிந்தபடி, 1807-இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழித்தது' என்று வாசிக்கத் தொடங்கியதும் ஆசிரியை கையை உயர்த்தி, "எல்லோரும் என்றால் யார்?" என்று கேட்டாராம். இவளுக்குப் பேச்சே வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, "எங்கள் புத்தகத்தில் அப்படி இருந்தது" என்றாள். "புத்தகம் எழுதியவருக்கு அது எப்படித் தெரிந்தது?" என்று கேட்டுவிட்டு, 1807-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நகலை எடுத்துக் கையில் கொடுத்து, மறுநாள் வரும்போது படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். இரவு அதைப் படித்தபோதுதான், அந்தச் சட்டம் தடை செய்தது அடிமை வணிகத்தை மட்டுமே என்பதும், பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் 1833-இல்தான் வந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. 'தப்பு' என்று ஆசிரியை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. தானே கண்டுபிடித்ததை அவள் இன்றும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு 'எல்லோரும் அறிந்தபடி' என்று எழுதியதும் இல்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம், அந்த அறையில் உங்களிடம் எதிர்பார்ப்பது சரளமான ஆங்கிலத்தை அன்று என்பதுதான். நிதானமாகப் பேசலாம், சொல் கிடைக்காவிட்டால் சுற்றி வளைத்துச் சொல்லலாம், புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். ஜப்பான், பிரேசில், இத்தாலி என்று பல நாட்டுப் பிள்ளைகள் வருவார்கள்; அவர்களுக்கும் ஆங்கிலம் வீட்டுமொழி அன்று. கிளம்புவதற்கு முன்னால் வாரம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, நண்பரிடம் உரக்கப் படித்துக் காட்டி, ஒவ்வொரு வரிக்கும் 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கச் சொல்லுங்கள். நான்கு வாரம் இப்படிச் செய்தாலே பயம் பாதி போய்விடும்.

கேள்வி: மகனுக்கு 15 வயது. தனியாக அனுப்பப் போகிறோம். விசா, பாதுகாப்பு பற்றி என்னென்ன கவனிக்க வேண்டும்?
— ஒரு தந்தை, சிவகாசி

பதில்: இத்தகைய குறுகிய காலப் படிப்புக்குப் பொதுவாக வருகையாளர் விசாவே போதும். பயண நாளுக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பொதுவாக மூன்று வாரத்தில் முடிவு வரும் என்றாலும், கோடையில் கூட்டம் இருக்கும் என்பதால் கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டாம். மகனுக்கு 18 வயது நிறையாததால், நீங்கள் சம்மதித்து எழுதிய கடிதமும், அங்கே அவனை யார் வரவேற்பார்கள், எங்கே தங்குவான், யார் பொறுப்பில் இருப்பான் என்ற விவரங்களும் தேவைப்படும். விதிகள் அவ்வப்போது மாறுபவை. பிரிட்டன் அரசின் இணையதளத்தில் நீங்களே ஒரு முறை படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். முகவர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை நிறுவனத்திடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பிள்ளைகளோடு பழகும் ஊழியர்கள் எல்லோருக்கும் டி.பி.எஸ். எனப்படும் பின்னணிச் சரிபார்ப்பு செய்யப்பட்டிருக்கிறதா? எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர்? இரவில் அதே கட்டடத்தில் ஊழியர் தங்குகிறாரா, அவருடைய கைபேசி எண் என்ன? காய்ச்சல் வந்தால் யார் மருத்துவரிடம் அழைத்துச் செல்வார்கள்? தெளிவாகப் பதில் சொல்லத் தயங்குகிற நிறுவனத்துக்குப் பிள்ளையை அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மகனிடம் சொல்லி வைக்க வேண்டியவையும் சில உண்டு. பழைய கல்லூரிகளில் அறைகள் நீண்ட தாழ்வாரத்தில் வரிசையாக இருப்பதில்லை. ஒவ்வொரு படிக்கட்டுக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ இருக்கும், அந்தப் படிக்கட்டை ஒட்டி மாடிக்கு இரண்டு மூன்று அறைகள் இருக்கும். குளியலறை பலருக்கும் பொதுவானதாக இருக்கலாம். ஏசியோ மின்விசிறியோ இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஜூலையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் முதல் சில நாள் தூக்கம் வராது. வாயிலில் இருக்கும் போர்ட்டர் எனப்படும் காவலரின் அறைதான் கல்லூரியின் கண்ணும் காதும். சாவி தொலைந்தாலும் வழி தவறினாலும் அங்கேதான் போக வேண்டும். முற்றத்துப் புல்வெளியில் பல கல்லூரிகளில் கால் வைக்கக் கூடாது. சைவ உணவு கிடைக்கும். முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் 12-ஆம் ஆண்டு படிக்கிறாள். கட்டணம் இல்லாத வகுப்புகள் உண்டா?
— ஒரு யாழ்ப்பாணத் தாய், ஹாரோ

பதில்: உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமே நடத்தும் யூனிக் என்ற திட்டம், பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் உங்கள் மகளின் வகுப்பில் படிப்பவர்களுக்கானது. படிப்பு, தங்குமிடம், உணவு, பயணம் எல்லாம் இலவசம். கேம்பிரிட்ஜில் சட்டன் டிரஸ்ட் அமைப்போடு சேர்ந்து நடத்தப்படும் கோடைப் பள்ளியும் இலவசமானதே. குடும்பத்தில் இதுவரை யாரும் பல்கலைக்கழகம் போகாதவர்கள், வருமானம் குறைந்தவர்கள் போன்றோருக்கு இவற்றில் முன்னுரிமை உண்டு. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். கோடை வரும்வரை காத்திராமல் பள்ளி ஆசிரியரிடம் இன்றே கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் கேம்பிரிட்ஜுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் போகிறான். தமிழ்ப் பிள்ளை கட்டாயம் பார்க்க வேண்டியவை எவை?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கும்பகோணத்திலிருந்து கேட்கிறீர்கள், முதல் இடத்தை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகையை இழந்த ராமானுஜன், 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறி கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியை அடைந்தார். 1918 அக்டோபரில் அதே கல்லூரியின் ஃபெல்லோ எனப்படும் மூத்த உறுப்பினர் ஆனார். சைவ உணவுக்காகத் தம் அறையிலேயே தாமே சமைத்துக்கொண்டார். முதல் உலகப் போர்க் காலத்தில் காய்கறி கிடைப்பதே அரிதாயிருந்தது. உணவு சரியில்லை என்று மகன் தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டால் இதைச் சொல்லுங்கள். டிரினிட்டியின் ரென் நூலகத்தில்தான், அவருடைய கடைசிக் காலக் கணக்குகள் அடங்கிய தாள்களை 1976-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். அந்த நூலகத்தைக் குறிப்பிட்ட நேரங்களில் பொதுமக்களும் பார்க்கலாம். சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1930-இல் போன வானியற்பியலாளர் சந்திரசேகர் படித்ததும் டிரினிட்டியில்தான்.

ஆக்ஸ்ஃபோர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி மணிக்கூண்டின் கீழே இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்பாகப் போய் நிற்கச் சொல்லுங்கள். ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு அந்த மணி 101 தடவை அடிக்கும். பழைய காலத்தில் அங்கே படித்த 101 பேருக்காக ஏற்பட்ட வழக்கம் அது. ஆக்ஸ்ஃபோர்டின் சூரிய நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தியது என்பதால், அந்தப் பழைய கணக்கில் அப்போதுதான் ஒன்பது மணி.

பிறகு வால்டன் தெருவை ஒட்டியுள்ள செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு மாலை போய்வரட்டும். சாயர்புரத்தில் பள்ளி நடத்தி, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்து, 1886-இல் திருக்குறளையும் 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் 1908-இல் மறைந்து அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் 'தமிழ் மாணவன்' என்ற தொடர் அந்தக் கல்லில் இல்லை. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்றுதான் அதில் பொறித்திருக்கிறது. மகன் குனிந்து அந்த வரியைத் தானே படித்துப் பார்க்கட்டும்.