பன்றியாகத்தான் தெரிந்தது

அன்புள்ள அண்ணா,

ஏரிகளில் பறவை பார்ப்பது பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். பதினோரு வருடமாக அமெரிக்காவில், கொலராடோவில் வேலை. வரும் நவம்பரில் ஆபீஸ் நண்பர்களோடு முதல்முறையாக மான் வேட்டைக்குப் போகிறேன். வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கி, லைசென்சும் எடுத்தாயிற்று. நல்ல பைனாகுலர் ஒன்று வாங்க வேண்டும். ஸ்வரோவ்ஸ்கி, ஜெய்ஸ், லைக்கா மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். மூவாயிரம் டாலர் வரை ஆகும் போலிருக்கிறது. 10×42 போதுமா, 12×42 எடுக்கலாமா? தூரம் அளக்கும் கருவி உள்ளேயே இருப்பது தேவையா? ஒரு நண்பர், "ரைபிளில் குறி பார்க்க இருக்கும் ஸ்கோப்பே ஒன்பது மடங்கு காட்டும், அதிலேயே பார்த்துக்கொள்ளலாம், மலையேறும்போது எடை மிச்சம்" என்கிறார். எனக்கு வயது 41, கண்ணாடி போடுகிறேன். அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை, போனில் அழுகிறார்.

ச.

அன்புள்ள ச.,

என்ன வாங்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்கள் நண்பர் சொன்ன அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இதற்கும் எழுதியிருக்க மாட்டேன். ஐப்பசி நெருங்கினாலே எனக்கு ஒடுகத்தூர் நினைப்பு வந்துவிடும். ஒரு வாரமாக அதே நினைப்போடு இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

முதலில் அம்மா. வேட்டை பாவமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நிற்கிறவன் நான். அவரிடம் நீங்கள்தான் பேச வேண்டும். முகம் பார்த்துப் பேசுங்கள், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்டது, சரி. அந்தப் பழக்கத்தை மட்டும் லீவில் ஊருக்குக் கொண்டு வராதீர்கள். இங்கே 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் ஒரு முயலைப் பிடித்தாலும் வழக்குதான்.

எந்த கம்பெனி என்பதற்கு அரை நிமிடம் போதும். ஸ்வரோவ்ஸ்கி ஆஸ்திரியாவில் அப்சாம் என்ற சின்ன ஊரில் செய்கிறார்கள். மற்ற இரண்டும் ஜெர்மன் கம்பெனிகள். மூன்றுமே அருமையானவை. கடைக்குப் போய் மூன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள், எது உங்கள் கைக்கும் மூக்குக்கும் ஒத்து வருகிறதோ அது. கண்ணாடியைக் கழற்றாமல் பாருங்கள். காட்சியின் ஓரம் வெட்டுப்படாமல் முழு வட்டமும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எவ்வளவு விலையானாலும் அது உங்களுக்கு இல்லை. ஜெய்ஸ் நமக்கு அந்நியமான பெயரும் அல்ல. அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த காவலூரில், ஜவ்வாது மலை மேல், 1972-ல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி ஜெர்மனியின் யேனா நகரில் ஜெய்ஸ் செய்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது காவலூரிலிருந்தும் கவனித்தார்கள், அதைச் சுற்றி வளையங்கள் இருப்பது அந்த மறைப்பில்தான் தெரிந்தது. எங்கள் மலையிலிருந்து அதைப் பார்த்தார்கள் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

தூரம் அளக்கும் கருவி முதல் வருடத்துக்கு வேண்டாம். அதைப் பற்றி இவ்வளவுதான்.

இனி மடங்குக் கணக்கு. 10×42 என்றால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 12 என்கிறீர்கள். நம் ஆட்களுக்கு எப்போதும் பெரிய எண்தான் பெரிய பொருள். பன்னிரண்டு மடங்கு என்றால் உங்கள் கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்கு. மலையேறி மூச்சு வாங்க நிற்கும்போது மானும் ஆடும், மரமும் ஆடும். அதைக்கூட ஸ்டாண்ட் போட்டுச் சமாளிக்கலாம். வெளிச்சம் குறைவதை எப்படிச் சமாளிப்பீர்கள்? பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து, பகல் வானத்தைப் பார்க்கத் திருப்பி, கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். உள்ளே ஒரு வெள்ளை வட்டம் காசு போல மிதக்கும். உங்கள் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் முழுக்க அந்த வட்டம்தான். 42-ஐ மடங்கால் வகுத்தால் அதன் அகலம் மில்லிமீட்டரில் வந்துவிடும். 12-க்கு 3.5, 10-க்கு 4.2, 8-க்கு 5.25. இருட்டில் வாலிபக் கண்ணின் பாவை ஏழு மில்லிமீட்டர் வரை விரியும், வயது ஏற ஏறச் சுருங்கி வரும். நாற்பதைத் தாண்டிய உங்களுக்கு 8×42 தருகிற வட்டம் ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த சட்டை. நண்பகலில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பொழுது சாயும்போதுதான் தெரியும்.

நீங்கள் கொடுக்கும் மூவாயிரம் டாலரும் அந்தச் சாயும் பொழுதுக்குத்தான். பூச்சு இல்லாத கண்ணாடியில் வெளிச்சம் நுழையும்போது நூற்றுக்கு நாலு பங்கு திரும்பிப் போய்விடும், வெளியேறும்போது இன்னொரு நாலு. பைனாகுலருக்குள் இப்படிப் பத்துப் பரப்புகளைத் தாண்ட வேண்டியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே தீர்ந்துவிடும். 1935-ல் ஜெய்ஸில் இருந்த அலெக்சாண்டர் ஸ்மகுலா என்பவர் அதைத் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்தார். நேர்க்குழாய் போன்ற மாடல்களில் உள்ளே இருக்கும் பட்டகங்கள் (பிரிசம்) படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கும். 1988-ல் அதற்கும் அவர்களே ஒரு பூச்சு கொண்டு வந்தார்கள். இன்றைக்கு உயர்ந்த பைனாகுலர்கள் வந்த வெளிச்சத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உள்ளே அனுப்புகின்றன. அந்தக் கடைசிச் சில பங்குக்குத்தான் விலை இப்படி ஏறுகிறது. கொலராடோவில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை மான் சுடலாம் என்று சட்டம். அந்த அரை மணி நேரத்தில்தான் உங்களுக்கு அது வேண்டும். நம்மூரில் இருட்டு சட்டென்று விழும். அங்கே மெல்ல மெல்லத் தேயும், இன்னும் தெரிகிறது, இன்னும் தெரிகிறது என்று கண்ணை நம்ப வைக்கும்.

இப்போது உங்கள் நண்பர். ஸ்கோப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறாரே, அவரோடு நீங்கள் மலைக்குப் போகாதீர்கள். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப் ரைபிளின் மேல் இருக்கிறது. அதில் எதைப் பார்த்தாலும் அதன் நேராகக் குழல் நிற்கும். புதருக்குப் பின்னால் என்ன அசைகிறது என்று தெரிந்துகொள்ள அவர் துப்பாக்கியை நீட்டுகிறார். மானாக இருந்தால் சரி. ஆளாக இருந்தால்? ஒரு மனிதரின் நெஞ்சுக்கு நேராகக் குண்டு போட்ட துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, 'ஓ, ஆளா' என்று தெரிந்துகொள்வதா? வேட்டைக்காரர்கள் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சோ இளஞ்சிவப்போ உடுத்த வேண்டும் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அதே மலையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வருகிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. சான்றிதழ் வாங்கிய நீங்கள் அந்த நண்பரை அங்கேயே கண்டித்திருக்க வேண்டாமா? எடை மிச்சம் என்று அவர் சொன்னதை எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள். தம்பி, இது யோசனை கேட்கிற விஷயமா?

1979 ஐப்பசி. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒடுகத்தூர் பக்கம், மலையடிவாரத்தில் என் தாய்மாமாவுக்கு மூன்று ஏக்கர் மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லை. காய் முற்றும் நேரத்தில் மலையிலிருந்து பன்றி இறங்கும். ஒரு கூட்டம் வந்தால் விடிவதற்குள் நாலைந்து வரிசையை உழுதது போலப் புரட்டிவிட்டுப் போகும். அதனால் எல்லாக் கொல்லையிலும் பரண் போட்டு ராக்காவல். பக்கத்துக் கொல்லை மாமாவின் பங்காளியுடையது. அவரிடம் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள்.

அன்று பொழுது போய்க் கொஞ்ச நேரம்தான். மாமா பரணிலிருந்து இறங்கி வரப்போரமாக ஒதுங்கியிருக்கிறார். தூறல் என்பதால் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்தியிருக்கிறார். கையில் தண்ணீர்ச் சொம்பு. எழுபது எண்பது தப்படி தள்ளி, பங்காளி புங்க மரத்தடியில் நின்றிருக்கிறார். சத்தம் எங்களுக்கு ஊருக்குள்ளேயே கேட்டது.

ரவை வலது தொடையிலும் இடுப்பிலும் பாய்ந்திருந்தது. சுட்டவர்தான் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். வண்டி கட்டி, ரோட்டுக்கு வந்து, லாரி பிடித்து வேலூர் போவதற்குள் நடு ராத்திரி. ஆஸ்பத்திரியில் என்ன சொல்லி ஒப்பேற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது காலை அதற்குப் பிறகு மடக்க முடியவில்லை. சம்மணம் போட்டு இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

பங்காளி தினமும் சாயங்காலம் மாமா வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்காருவார். பேச மாட்டார். அத்தை காபி கொடுத்தால் குடிப்பார், எழுந்து போவார். வருடக்கணக்காக இப்படி. ஒரே ஒரு முறை, அவராகவே என்னிடம் சொன்னார்: "பன்னியாத்தான்டா தெரிஞ்சுது. மூஞ்சி தெரிஞ்சுது, முதுகு மயிர் தெரிஞ்சுது. வெள்ளையா கோரப்பல்லுகூடத் தெரிஞ்சுது."

அந்தக் கோரைப்பல் மாமா கையிலிருந்த அலுமினியச் சொம்பின் விளிம்பு. மங்கிய வெளிச்சத்தில் அது ஒன்றுதான் வெளுப்பாகத் தெரிந்திருக்கிறது. மீதியை எல்லாம் பன்றிக்காகக் காத்திருந்த கண் போட்டுக்கொண்டது. அவர் பொய் சொல்லவில்லை. குடிக்கிறவர் இல்லை, அவசரக்காரரும் இல்லை. நாலு ராத்திரி தூங்காமல் பன்றி வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். நீங்களும் லீவு போட்டு, செலவு செய்து, மூன்று நாள் குளிரில் நடந்து ஒன்றும் கிடைக்காமல், கடைசி நாள் கடைசி அரை மணியில் நிற்பீர்கள். அப்போது எதைப் பார்த்தாலும் கொம்பு தெரியும். ஒரு கிளை போதும்.

பல வருடம் கழித்து, 2009 வாக்கில், முதல்முறையாக நல்ல 8×42 ஒன்று வாங்கினேன். ஏரியில் இரண்டு நாள் பார்த்தேன், மூன்றாம் நாள் ஒடுகத்தூர் பஸ் ஏறிவிட்டேன். எனக்கே காரணம் சரியாகத் தெரியவில்லை. மாமா மகனை அதே வரப்பில் கம்பளி போர்த்தி உட்காரச் சொன்னேன், கையில் ஒரு சொம்பு. நான் புங்க மரத்தடியில் நின்றேன். சூரியன் விழுந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். வெறும் கண்ணுக்குக் கறுப்பாக ஒரு குவியல். சட்டைப் பையில் அடங்கும் பழைய 10×25 ஒன்று இருந்தது, அதில் பார்த்தேன். குவியல் பெரிதானது, இன்னும் கறுத்தது. அதன் வட்டம் இரண்டரை மில்லிமீட்டர்தானே. வெள்ளை விளிம்பு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. சொம்பு என்று தெரிந்திருந்தும் எனக்கே அது பல்லாகத் தெரிந்தது, உடம்பு சில்லிட்டுவிட்டது. அப்புறம் 8×42-ஐ எடுத்தேன். கம்பளியின் மடிப்பு தெரிந்தது. சொம்பைப் பிடித்திருந்த நாலு விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

திரும்பிப் பார்த்தால் பங்காளி வரப்பில் நிற்கிறார். எழுபதைத் தாண்டிய வயது, கண்புரை ஆபரேஷன் செய்த கண். யார் சொல்லி வந்தார் என்று தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் பட்டையை அவர் கழுத்தில் மாட்டி, சக்கரத்தைத் திருப்பக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். எனக்கு இருட்டி விட்டது, அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெரலு தெரியுதுடா" என்றார். "மோதரம்கூட கீது."

கழற்றிக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை, கேட்க எனக்கும் மனம் வரவில்லை. கழுத்தில் போட்டபடியே நடந்து போனார். மறுநாள் காலையில் மாமா வீட்டுத் திண்ணையில் துவைத்த துண்டில் சுற்றி வைத்திருந்தது.

8×42 வாங்குங்கள். காரில் வைக்காதீர்கள், கழுத்தில் போடுங்கள். விரல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று நிச்சயமான பிறகு ரைபிளைத் தோளிலிருந்து எடுங்கள்.