புதிய சாலைக்குப் பணம் உண்டு, பழைய சாலைக்கு ஏன் இல்லை?

புதிய சாலைகளுக்குத் தாராளமாக ஒதுக்கும் அரசுகள் பராமரிப்பில் ஏன் கோட்டை விடுகின்றன, இதை எப்படிச் சரிசெய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

திறப்பு விழா புதிய சாலைக்குத்தான் நடக்கும். அடைத்த விரிசலுக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. ஆனால் சாலையின் ஆயுள் அந்த விரிசலில்தான் இருக்கிறது. தார்ப்பரப்பில் மயிரிழை விரிசல் விழுந்ததும் மழைநீர் உள்ளே இறங்கி, அடியிலுள்ள ஜல்லிப் படுகையை நனைக்கிறது. ஊறிய படுகை வலுவிழக்கிறது. லாரி ஏறும்போதெல்லாம் தளம் அமுங்கி, விரிசல் வலைபோலப் பரவி, துண்டு துண்டாகப் பெயர்ந்து பள்ளமாகிறது. ஆரம்பத்திலேயே அடைத்திருந்தால் செலவு சொற்பம். அடித்தளம் கெட்டபின் தோண்டிப் புதிதாகப் போடத்தான் வேண்டும். சாலையோர வடிகாலைத் தூர்வாருவது மிக மலிவான வேலை. அதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள் என்பது வேதனை.

அடுத்தது பாரம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸில் நடந்த சாலைச் சோதனை, வாகனத்தின் சக்கர அச்சின் மீதான பாரம் இரட்டித்தால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்று காட்டியது. அதிக பாரம் ஏற்றும் லாரிகளைத் தடுக்காத நாடு எவ்வளவு கொட்டினாலும் போதாது. நியூசிலாந்து 1978 முதல் டீசல் வாகனங்களிடம் எடைக்கும் ஓடும் தூரத்துக்கும் ஏற்பக் கட்டணம் வாங்குகிறது. நியாயமான முறை என்பேன். அப்படி வரும் பணம் பொதுக் கணக்கில் கரையாமல் சாலை நிதியாகத் தனியே இருக்க வேண்டும்.

ஒப்பந்த முறையும் மாற வேண்டும். போட்ட தாரின் அளவுக்குப் பணம் தராமல், சாலையைப் பல ஆண்டுகள் குறித்த தரத்தில் வைத்திருப்பதற்குப் பணம் தரும் முறையை அர்ஜென்டினா 1990களிலேயே கையாண்டது.